ஜெயபாயின் பொருத்தனை

மகன் பொன்னுராஜின் பட்டாளம் இலங்கைக்குப் போகிறது என்று தெரிந்த வாரம், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் ஜெயபாய் கோயிலை விட்டு வெளியே வரவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். மகன் முழுசாக வீடு வந்து சேரும்வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று கர்த்தரிடம் பொருத்தனை செய்துகொண்டாள்.

கேட்பவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றும். ஜெயபாய்க்கு அது சின்ன விஷயம் இல்லை. புருஷன் காலமாகி நெடுநாளாகிவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூலைக் கோனில் சுற்றும் வேலை. காது அடைக்கிற இரைச்சலில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு, கேன்டீனில் சீனி தூக்கலாகப் போட்ட டீயும், சம்பள நாளில் வாங்குகிற ஒரு பொட்டலம் இனிப்பும்தான் மிச்சமிருந்த சுகங்கள். மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், சேலை எடுப்பார்கள். இவள் நாக்கில் ஒரு துண்டு இனிப்பை வைத்து, கரைகிறவரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எது பிடிக்குமோ அதைக் கொடுத்தால்தானே பொருத்தனை என்று நினைத்தாள்.

முதல் மாதம் கஷ்டப்பட்டாள். பிறகு சீனியில்லாத டீ பழகிவிட்டது. மில்லில் யாராவது பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று மிட்டாய் நீட்டினால், "எம்மவன் வரட்டும், பொறவு வாங்கித் திங்கேன்" என்பாள். அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததையும் அவள் அறிவாள். சபையில் போதகரே ஒருநாள் ஜெபத்தில் அவள் பெயரைச் சொன்னார்.

அடுத்த வருஷம் ஆனி மாதம், பக்கத்து வீட்டு அழகுத்தாயின் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. துணைக்கு ஜெயபாயும் போனாள். பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆண்டாள் கோயில் பக்கம் வந்தபோது அழகுத்தாய் சொன்னாள்:

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஆண்டாளைப் பாக்காமப் போனா மனசு கேக்காதுக்கா. செத்த நேரம் இருங்க. கும்பிட்டுட்டு ஓடி வந்துருதேன்."

"போய்ட்டு வா அழகு. நான் இங்கன நெழல்ல நிக்கேன்."

அவள் நின்ற இடம் ஒரு பால்கோவாக் கடையின் வாசல். உள்ளே பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் வேர்வை வழியக் கிண்டிக்கொண்டிருந்தான். விறகுப் புகையும் பால் வாசமும் சேர்ந்து வந்து முகத்தில் மோதின. கடைக்காரர் அவளை வாடிக்கை என்று நினைத்துவிட்டார். சட்டியிலிருந்து எடுத்த சூடு ஆறாத பால்கோவாவில் ஒரு கிள்ளு வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார்.

"இப்பத்தான் எறக்குனது. ருசி பாருங்கம்மா."

கை நீண்டது. வாய்க்குள் போனது. அதுவரை வேண்டுமானால் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கால் கிலோ வாங்கினாள். "வீட்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு "ஆமா" என்றாள். கோயில் மதிலோரமாகப் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, விரலால் வழித்து வழித்துத் தின்றாள். இளஞ்சூடாக இருந்தது. இடையிடையே சீனி நறநறத்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மில் இல்லை, இலங்கை இல்லை, மகன் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். பொட்டலம் காலியானதும்தான் மகன் நினைவுக்கு வந்தான்.

தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வாயைத் துடைத்தாள். அழகுத்தாய் நெற்றியில் குங்குமத்தோடு வேகமாக வந்தாள்.

"கூட்டம் அம்புட்டு இல்லக்கா. நல்லாக் கண்குளிரப் பாத்தேன். ஒங்க மவனுக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வந்திருக்கேன்."

ஜெயபாய் ராஜபாளையம் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் தந்தி வந்தது. பொன்னுராஜுக்குக் காயம், சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. அழகுத்தாயின் புருஷன் சீனிச்சாமிதான் தந்தியை வாசித்துச் சொன்னார். தெருவே கூடி அழுதது. ஜெயபாய்க்கு அழுகை வரவில்லை. நான் தின்றேன், அவனுக்குப் பட்டது. இந்த ஒரு வரியைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் ஓடவில்லை.

சீனிச்சாமியைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனாள். இடது காலில் முழங்கால் வரை கட்டு. பொன்னுராஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் தலையைத் தடவியபோது, "வந்தியாம்மா" என்றதோடு சரி. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில். கலகலவென்று பேசுகிற பிள்ளை அவன். தான் செய்தது எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

சபையில் போதகர், "ஒரு தாயின் பொருத்தனை மகனை உயிரோடு காத்தது" என்று சாட்சியாகச் சொன்னார். பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெயபாய் அன்றிலிருந்து ஆராதனைக்குத் தாமதமாகப் போய், முடிவதற்கு முன்னால் எழுந்து வரத் தொடங்கினாள். அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. உடம்பு சரியில்லை என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பொன்னுராஜ் வீடு வந்தான். கால் சற்று இழுத்தது. பகலெல்லாம் கட்டிலில் படுத்து ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுவான். சேத்தூரிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. அவனோடு பட்டாளத்தில் இருந்து இறந்துபோன முத்துவீரனின் தாயார் வெள்ளத்தாய் அவனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டு தடவையும் "கால் வலிக்கு, பொறவு வாரேன்னு சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டான். ஆனால் சாயங்காலம் சஞ்சீவி மலைப்பக்கம் வரை நடந்துவிட்டு வருவதை ஜெயபாய் பார்த்தாள்.

தை மாதத்தில் ஒருநாள் மாலை, அம்மாவும் மகனும் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பொன்னுராஜ் டம்ளரை மாற்றி எடுத்துவிட்டான். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தான்.

"ஏம்மா, இன்னுமா சீனி இல்லாமக் குடிக்கே? அதான் நான் வந்துட்டேன்லா. அழகு அத்தை எல்லாம் சொன்னாக."

ஜெயபாய் வாய் திறந்தாள். வேறு ஏதோ சொல்லத்தான் நினைத்தாள். மதிலோரம் நின்று தின்றது முழுவதும் வந்துவிட்டது. "ஒன்னைய நெனைக்கக்கூட இல்லடா. திங்கும்போது ஒன் நெனப்பே வரலை. அந்த வாரந்தான ஒனக்கு அடிபட்டுச்சு. என்னாலதாம்டா" என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

பொன்னுராஜ் டம்ளரைத் தரையில் வைத்தான்.

"ஒன்னாலயா?" என்றான். "ஒன்னால இல்லம்மா. என்னால. நாந்தான் முத்துவீரனைக் கொன்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். ரோந்து முடிந்து, இருவரும் ஆள் இல்லாத ஒரு வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் ஒரு குட்டைத் தென்னை, குலை குலையாக இளநீர். குடிக்கத் தண்ணீர் இருந்தது. தாகம் ஒன்றும் இல்லை. இளநீர் குடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தோட்டங்களுக்குள் இறங்கக்கூடாது, கண்ணிவெடி வைத்திருப்பார்கள் என்று உத்தரவு.

"முத்துவீரன் வேண்டாம்னுதான் சொன்னான். 'போவக்கூடாதுன்னு சொல்லிருக்காகல்லா பொன்னு'ன்னான். நாந்தான் விடலை. 'ஏலே, சேத்தூர்க்காரன் தென்னை மரத்துக்குப் பயப்படுதான் பாரு'ன்னு கேலி பண்ணுனேன். அவன் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனான். நான் பின்னால போனேன். மரத்துக்கிட்டப் போகக்கூட இல்லம்மா, வெடிச்சிருச்சு."

அடுப்பில் கரி மட்டும் கனிந்துகொண்டிருந்தது. ஜெயபாய்க்கு அழுகை நின்றுவிட்டது. இத்தனை மாதமாகத் தன் பாவத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், எதிரே படுத்திருந்த பிள்ளையை ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லை என்று உறைத்தது. அது இன்னொரு குற்றமாகச் சேர்ந்துகொண்டது.

"அவிய அம்மாவுக்குத் தெரியுமா?"

"ரோந்துல செத்துட்டான்னு மட்டுந்தான் தெரியும். நான் எங்கன போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

"நானும் கூட வாரேன்" என்றாள் ஜெயபாய். "சொல்லித்தான் ஆகணும். அவிய ரெண்டு தடவை கேட்டு விட்டுட்டாக."

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகாமல், இரண்டு பேரும் சேத்தூர் பஸ் ஏறினார்கள். வெள்ளத்தாய் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னுராஜின் நடையைப் பார்த்தே அவன் யாரென்று தெரிந்துகொண்டாள். உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தாள். சுவரில் ராணுவ உடுப்பில் முத்துவீரன் படம், மாலையோடு.

"கால் தேவலையாய்யா?" என்றாள். பிறகு காத்திருந்தவள் போல, "அவன் கடைசியா என்ன பேசுனான்? நீதான பக்கத்துல இருந்தியாம். எல்லாரும் சொன்னாக" என்றாள்.

பொன்னுராஜ் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. கேலி செய்த வார்த்தையையும் அப்படியே சொன்னான். ஜெயபாய் மகனின் முதுகில் கை வைத்திருந்தாள்.

வெள்ளத்தாய் அசையாமல் கேட்டாள். முடிந்ததும் மெதுவாக, "அப்பம் எளனி குடிக்கலையா எம்புள்ள?" என்றாள்.

"இல்லம்மா."

அதற்குத்தான் அவள் அழுதாள். முகத்தை மூடாமல், சத்தமில்லாமல் அழுதாள். ஜெயபாய் எழுந்து பக்கத்தில் போனபோது கையைக் காட்டித் தடுத்தாள்.

"இப்பம் போங்க தாயி. ஒங்கள வையறதுக்கும் எனக்கு வாய் வரலை. இருங்கன்னு சொல்லவும் வாய் வரலை. போயிட்டு வாங்க."

பஸ் நிறுத்தத்தில் பொன்னுராஜ் புளியமரத்தடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். காயம்பட்ட நாளிலிருந்து அவன் அழுதது அதுதான் முதல்முறை. 'எல்லாம் சரியாயிரும்' என்ற வார்த்தை ஜெயபாயின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு பஸ்களைப் போகவிட்டு, அவன் எழுந்திருக்கிறவரை பக்கத்தில் நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் பொருத்தனை எதுவும் செய்யவில்லை. இதைத் தருகிறேன், அதைக் கொடு என்று கேட்க வாய் கூசியது. ஜெபத்தில் முத்துவீரன் பெயரையும் வெள்ளத்தாய் பெயரையும் சொல்லுவாள், அதோடு எழுந்துவிடுவாள். சில மாதம் கழித்துத் திருவிருந்துக்குப் போனாள். தகுதி வந்துவிட்டது என்று போகவில்லை. ஒதுங்கி உட்காருவதிலும் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்ததால் போனாள்.

பொன்னுராஜைப் பட்டாளத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தான். முத்துவீரன் இறந்த நாள் திரும்பி வந்தபோது தனியாகச் சேத்தூர் போனான். வெள்ளத்தாய் வெளியே வரவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான். அடுத்த வருஷமும் போனான்.

அன்றைக்கு அவன் வீடு திரும்ப விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. சட்டையெல்லாம் கிரீஸ், முழங்கால் வரை சேறு. ஜெயபாய் பதறிப்போனாள்.

"என்னடா ஆச்சு? அவிய என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலை. 'கெணத்து மோட்டார் தண்ணி எடுக்க மாட்டேங்கு, வந்தவன் பாத்துட்டுப் போ'ன்னாக. குழாய் அடியில இருக்கிற புட்வால்வு கெட்டுப்போச்சும்மா. உள்ள எறங்கித்தான் கழட்டணும்."

"ஒன் காலை வச்சுக்கிட்டு கெணத்துக்குள்ள எறங்குனியா?"

"எறங்குனேன். அவிய மேல நின்னு கயித்தைப் பிடிச்சுக்கிட்டாக." பொன்னுராஜ் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டான். "புது வால்வு வாங்கிட்டு வியாழக்கிழமை வாரேன்னு சொல்லிருக்கேன். சரின்னாக."