மாற்றிச் செருகிய கேபிள்

அந்த அலுவலகத்தில் அவனுக்கு ஒயர்க்காரன் என்று பெயர். வேலை வாங்கித் தந்தவர் அக்காவின் கணவர். மானேஜரும் அவரே. தான் செய்த அந்தப் புண்ணியத்தை வாரம் தவறாமல் நினைவூட்டுவார்.

மருத்துவமனைகளின் பரிசோதனை முடிவுகளைச் சேமித்து வைக்கும் நிறுவனம் அது. ஜோடியாக இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்துவிட்டால் மற்றது பொறுப்பேற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி, ஒன்றை மருத்துவமனைகளுக்குத் திறந்துவிட்டிருந்தான். இன்னொன்றின் வழியாக இரண்டு சர்வர்களும் 'இருக்கியா', 'இருக்கேன்' என்று ஓயாமல் விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேபிள்கள் மட்டும் தனி சுவிட்ச் பெட்டி வழியாகப் போயின.

ஒருநாள் மாமா வந்து அந்தத் தனிப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். புது வாடிக்கையாளருக்குப் படம் காட்டும் அறைக்கு அது வேண்டுமாம்.

"எல்லாம் ஒரே பெட்டில போய், அது நின்னுச்சுன்னா, இதுக்கு அது செத்துடுச்சுன்னு தோணும், அதுக்கு இது செத்துடுச்சுன்னு தோணும் மாமா. ரெண்டும் நான்தான் பெரியவன்னு கிளம்பிடும்."

"நம்ம குடும்பத்துல நடக்காததா? மாத்துடா. யாருகிட்டயும் சொல்லிட்டு இருக்காத."

சொந்தக்காரரிடம் வேலை பார்ப்பவனுக்கு முதுகெலும்பு எதற்கு என்று நினைத்தானோ என்னவோ, அசட்டுச் சிரிப்போடு அன்றே கேபிளைப் பொதுப் பெட்டியில் மாற்றிச் செருகினான்.

அடுத்த வாரமே அந்தப் பொது சுவிட்ச் மக்கர் செய்தது. சற்று நேரம்தான். அதற்குள் இரண்டு சர்வர்களும் மற்றது போய்ச் சேர்ந்துவிட்டதாக முடிவுகட்டி, பொதுவான டிஸ்க்கில் ஒரே நேரத்தில் கைவைத்தன. பரிசோதனை முடிவுகள் கந்தலாகின. ஊசி குத்திக்கொண்டு போன நோயாளிகள் மறுபடியும் கையை நீட்ட வேண்டியதாயிற்று.

விசாரணைக்குப் போகுமுன் அக்கா போனில் அழுதாள். "நீ தனிக்கட்டைடா. அவருக்கு வேலை போச்சுன்னா நானும் பிள்ளைங்களும் எங்க போறது? நீயா பண்ணதா சொல்லிடு. உன்னை அவரு கைவிட்டுடுவாரா?"

விட மாட்டார் என்றுதான் அவனும் நம்பினான்.

"கேபிளை யார் மாத்தச் சொன்னது?" முதலாளி கேட்டார்.

"யாரும் சொல்லலை சார். நானாத்தான் மாத்தினேன்."

முதலாளி மாமா பக்கம் திரும்பினார். "உங்க மச்சான். நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

மாமா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். "சொந்தம்னு பார்த்தா தொழில் நடக்காது சார். இன்னைக்கே அனுப்பிடலாம்."

வாயைத் திறந்தால் அக்கா தெருவில் நிற்பாள். அவன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனான்.

பஸ்ஸில் அக்காவின் அழைப்பு வந்தது. நன்றி சொல்லப்போகிறாள் என்று எடுத்தான்.

"உன்னால அவருக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா? மனசு ஒடிஞ்சு உட்கார்ந்திருக்காரு. கொஞ்ச நாளைக்கு நீ இந்தப் பக்கம் வராத."