அக்காவின் கால், பச்சை நிறத்தில்

தடால்!

பக்கத்து அறையில் ஏதோ விழுந்த சத்தம். தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அக்கா விழுந்துவிட்டாளா?

"ஒண்ணுமில்லடி! ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டேன். இனிமே அது எதுக்கு?" தடுப்பைத் தாண்டி அக்காவின் குரல் வந்தது. கூடவே, கால் பொருத்தும் டெக்னீஷியனின் சிரிப்பு. "மேடம், உங்க அக்கா என்னையே முந்திடுவாங்க போல!"

தங்கைக்கு மூச்சு வந்தது. விபத்தில் அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனதிலிருந்து, செயற்கைக் கால்களை வடிவமைக்கும் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மிஞ்சிய கால் உட்காரும் சாக்கெட்டை அவளே வரைந்தாள். நடக்கும்போது சதை எங்கே எவ்வளவு அழுந்தும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டாள். அழுத்தம் அதிகமானால் சிவப்பு, குறைந்தால் பச்சை. நேற்று எல்லாமே பச்சை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி, "பூ மாதிரி இருக்கும் பாரு" என்றாள். இன்று சாக்கெட் 3டி பிரிண்டரில் அச்சாகி அக்காவின் காலில் ஏறிவிட்டது.

ஆசைக்கு இன்னொரு முறை பார்க்கலாமே என்று, திரையில் அந்தக் காலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாள்.

சதை, சாக்கெட்டின் சுவருக்குள் புகுந்திருந்தது.

நேற்று, இரண்டும் தொடும் இடத்தில்தான் கணக்கு திரும்பத் திரும்ப நின்றுபோனது. ஒன்றுக்குள் ஒன்று புகாமல் தள்ளிப் பிடிக்கும் விசையை அவள் கணக்கில் கொஞ்சம் தளர்த்தியிருந்தாள். கணக்கு சமர்த்தாக ஓடி முடிந்தது. சுவர் தடுக்காதபோது அழுத்தம் எங்கிருந்து தெரியும்? பச்சைதான் தெரியும். நிஜச் சுவர் அப்படி வழி விடாது.

வெட்டிய இடத்தில் ஒருமுறை புண் வந்து ஆறியிருந்தது. மறுபடி வந்தால் காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஓடினாள். அக்கா இருபுறமும் இருந்த கைப்பிடிக் கம்பிகளைப் பிடிக்காமல், உதட்டில் சிரிப்பும் நெற்றியில் வேர்வையுமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நில்லு! உட்காரு!"

"ஏன்டி இப்படிக் கத்துற? நல்லாத்தானே நடக்கிறேன்."

"நானும் கேட்டுட்டேதான் இருக்கேன் மேடம், வலிக்கலைன்னுதான் சொல்றாங்க," என்றபடி டெக்னீஷியன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தங்கை மண்டியிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினாள். உள்ளுறையை மெதுவாக உருட்டி இறக்கினாள். எலும்பு முனையில் தோல் கருஞ்சிவப்பாகக் கன்றி, பளபளத்தது. இன்னும் கிழியவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் கிழிந்திருக்கும்.

"எப்பலேர்ந்து வலிக்குது?"

அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் அடிலேர்ந்து. நீதான் எல்லாம் பச்சைன்னு காட்டினியே... என் கால்தான் பொய் சொல்லுதுன்னு நினைச்சேன்."