வெள்ளைக் காரின் வில்லங்கங்கள்

என் காரைப் பார்க்க வந்த நான்கு பேரையும் விரட்டியது நான்தான். பொய் சொல்லி விரட்டவில்லை, உண்மையைச் சொல்லித்தான் விரட்டினேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவள் நான். ஒரு சென்ட் நிலமானாலும் வில்லங்கம் பார்க்காமல் கைமாறக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. அதனால் காருக்கும் ஒரு தாளில் வரிசை எண் போட்டு வில்லங்கம் எழுதி வைத்திருந்தேன்.

ஏசியைப் போட்டால் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். கதவு வெறும் தகரம், அழுத்திச் சாய்ந்தால் குழி விழும். டிக்கியில் ஓர் அரிசி மூட்டைக்கு மேல் இடமில்லை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் முழங்கால் இன்னொருவர் மடியில் இருக்கும். இப்படி ஏழு. வந்தவர்கள் நாலாவதிலேயே செருப்பைத் தேடுவார்கள். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும், ஆட்டோ திரும்புகிற சந்தில் திரும்பும், எந்த ஊரில் நின்றாலும் பழுது பார்க்க ஆள் கிடைக்கும் என்கிற நல்லதையெல்லாம் தொண்டைக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன்.

விற்கச் சொன்னவன் என் மகன் கணேஷ்ராம். கனடாவில் இருந்துகொண்டு விளம்பரமும் அவனே போட்டுவிட்டான். எனக்கு ஓரப் பார்வை மங்குகிறது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டில் இரண்டு முறை உரசியும் விட்டேன். அவன் சொல்வது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. அந்தக் காரை விட்டால் எனக்கு வேறு துணையில்லை என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு தவறாமல் மதியம் மூன்று மணிக்கு நானும் என் வீட்டுக்காரர் குமரகுருபரனும் பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்குக் கிளம்புவோம். எங்கள் வயலைப் பார்ப்போம், ஆளுக்கு ஒரு டீ குடிப்போம், திரும்புவோம். ஒன்பது வருடம் அப்படித்தான். அவருக்கு ஓட்டத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்து, ஓர் ஈரத் துண்டை மடியில் விரித்துக்கொண்டு, அதிலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டு வருவார். "சலூனுக்கா போறோம்?" என்று கத்துவேன். நான் ஓட்டுவதற்குப் பயந்து வேர்க்கிறது என்று நினைத்துச் சிரிப்பேன்.

அது என் சம்பளத்தில் வாங்கிய கார். நான் குறை சொல்லலாம், வேறு யாரும் சொல்லக் கூடாது. அவருடைய பெரியப்பா மகன் டப்பா என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக அந்த வீட்டுக் கல்யாணத்துக்கே நான் போகவில்லை. வண்டி எப்படி இருக்கிறது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். டாக்டர் தடுக்கும்வரை ஞாயிறுகளில் தனியாகப் போய் வந்தேன். இடது இருக்கையில் அவர் துண்டு மடித்தபடியே கிடந்தது.

ஐந்தாவதாக வந்தவள் முஃபீதா. மேலப்பாளையத்துப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை. கணவன் சவூதியில் இருக்கிறான். அவளுடைய உம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, பஸ் படி ஏற முடியவில்லை, வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஏழு வில்லங்கத்தையும் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நானும் உம்மாவுந்தானம்மா, எங்களுக்கு இது போதும். ஓட்டிப் பாக்கட்டுமா?"

இதுவரை ஒருவரும் அந்த அளவுக்கு வந்ததில்லை. அன்று ஞாயிறு, மணியும் மூன்று. என் வாய் தானாகச் சேரன்மகாதேவி ரோட்டைச் சொல்லிவிட்டது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக இடது பக்கம் உட்கார்ந்தேன்.

பிள்ளை பைய ஓட்டினாள். ஊரைத் தாண்டியதும் வெயில் என் பக்கத்துக் கண்ணாடியில் இறங்கியது. தொடை எரிந்தது. கழுத்தெல்லாம் வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, முஃபீதாவின் முக்காட்டு நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி என் பக்கத்துத் துவாரத்தில் வைத்துப் பார்த்தேன். காற்றே இல்லை. மூடியைத் திருகினேன், தட்டினேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே என்றைக்கோ குழாய் கழன்றிருக்க வேண்டும்.

மடியில் கிடந்த துண்டை என்னை அறியாமல் விரித்துக்கொண்டேன்.

பாவி மனுஷா! எத்தனை வருடம் இதில் வெந்துகொண்டு வந்தீர்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கடித்தா தின்றிருப்பேன்? தின்றிருப்பேன்தான். அது எனக்கே தெரிந்ததால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நல்லா குளுருதும்மா. அங்கன வருதா?" என்று முஃபீதா கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக இருந்தாள். நானும் இப்படித்தான் இருந்திருப்பேன். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

சேரன்மகாதேவியில் டீ குடிக்கும்போது, வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என் கண் கலங்கியதைப் பார்த்து அவள் பதறினாள். டீ சூடு என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளை நிறுத்தி வைத்து, அந்தத் தாளில் ஏழுக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன்.

எட்டு: இடது பக்கம் ஏசிக் காற்று வராது. அங்கே உட்காருகிறவர் சொல்லமாட்டார். கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு என்பார். கையை வைத்துப் பார்க்க வேண்டும்.