பத்து மரை, எட்டு மரை

1

இந்தக் கதை ஒரு பேக்கிங் லிஸ்டின் முதுகில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டாக்குமெண்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பக்கம் தப்பாக அச்சாகிப்போன தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபக்கத்தில் கதை எழுதுவது வழக்கம். இந்தக் கதையின் முதல் தாளில், அச்சான பக்கத்து ஓரத்தில், போன் பேசுவதற்காகக் கிறுக்கிய குறிப்பு ஒன்றும் இருக்கிறது. அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. தயவுசெய்து நம்புங்கள்.

இனி, தொடக்கங்கள்.

‘விடிந்தும் விடியாத பொழுதில், தாராபுரம் சாலையில், ஒரு பழைய மரக்கடைசல் எந்திரம் டெம்போவில்…’ (வேண்டாம். அது வந்தது மத்தியானம் பன்னிரண்டரைக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது.)

‘சாரதாமணிக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் கால்களில்…’ (இதுவும் வேண்டாம். நான் மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர். ‘அவள்’ என்று எழுதிவிட்டு, தண்ணீர் மோட்டார் போடச் சொல்லி எந்த முகத்தோடு கீழே இறங்குவேன்?)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

2006 ஆவணி மாதம். சாரதாமணி அக்கா ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் துணி செக்கிங். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் கவுண்டிங் கிளாஸ். ஒரு அங்குலச் சதுர ஓட்டையும் அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடியும் கொண்ட சின்னப் பொருள் அது. துணிமேல் வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிச் சொல்வார். அக்கா எண்ணினால் முதலாளி மறுபடி எண்ண மாட்டார்.

கண் அப்படி. கால்தான் போய்விட்டது. நாளெல்லாம் நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்டது. இனி நிற்கவே கூடாது என்றார் டாக்டர்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியில் ஒரு பேச்சு வந்தது. குழந்தைச் சட்டைக்கு மரப்பொத்தான் வேண்டுமாம். சனிக்கிழமைக்குள் இரண்டு டஜன் சாம்பிள் காட்டினால் ஆர்டர் கிடைக்கலாம். அக்கா கல்யாணத்துக்கு முன் தாராபுரத்தில் அண்ணன் பட்டறையில் பம்பரம் கடைந்தவர். உடனே ஒரு பழைய கடைசல் எந்திரத்தை வாங்கிவந்து, அதன் கால்களை முக்கால் அடி அறுத்துக் குட்டையாக்கினார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கடையலாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மனுசி என்ன அழகாக யோசித்திருக்கிறார்!

எந்திரத்தில் சக் மட்டும் இல்லை. சக் என்பது கட்டையைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வாய். அதன் பின்பக்க மரையும், அதாவது திருகுப் புரியும், எந்திரத்தண்டின் மரையும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் நடுவில் ஓர் அடாப்டர் போட வேண்டும். இவ்வளவுதான் இந்தக் கதைக்கான தொழில்நுட்பம்.

3

அக்காவின் வீட்டுக்காரர் கிட்டுசாமி அண்ணன் பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். தண்டை அளக்க இஞ்சு டேப்போடு வந்தார். மார்பளவு எடுப்பதுபோல அதைச் சுற்றிப் பிடித்தார்.

“சுத்தளவு மூணுக்குக் கொஞ்சம் மேலீங்க. பாதி போட்டா ஒண்ணரையும் சொச்சமும். ஷ்ரிங்கேஜுக்கு ஒரு கால் இஞ்சு சேத்தி எழுதிக்குங்க தம்பி.”

“இரும்பு தொவச்சாச் சுருங்குமாக்கும்? தள்ளுங்க அக்கட்டால,” என்றார் அக்கா. தண்டின்மேல் கவுண்டிங் கிளாஸை வைத்துக் குனிந்தார். உதடு அசைந்தது.

“குறுக்களவு சரியா ஒரு இஞ்சு. இஞ்சுக்குப் பத்து மரை. எழுதிக்கிட்டீங்களா தம்பி?”

கோயமுத்தூர்க் கடைக்குப் போன் பேசும் பொறுப்பு என்னுடையது. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. நானும் அதை மறுத்ததில்லை.

4

புதன்கிழமை சக் வந்தது. ஒன்றரைச் சுற்று ஏறி நின்றுவிட்டது. கிட்டுசாமி அண்ணன் பில்லைப் பார்த்தார்.

“இதுல எட்டு மரைன்னு போட்டிருக்குது. ரெண்டுதானுங்க வித்தியாசம். டாலரன்ஸ்ல போயிரும்.”

அரை அங்குலம் கூடக்குறைய இருந்தாலும் பெட்டி கப்பலேறும் ஊர் இது. இழுத்தால் நீளும் துணியில் இருபது வருடம் கை வைத்தவருக்கு இரும்பும் கொஞ்சம் கொடுக்கும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஸ்பேனரை மாட்டி உடம்பையே மேலே போட்டார். சக் கால் சுற்று நகர்ந்தது. அதோடு சரி, முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

கடைக்குப் போன் போட்டார். “போன்ல எட்டுன்னுதானுங்க சொன்னாங்க,” என்றார்கள். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். மறுபடி எண்ணிப் பார்க்கலாம் என்றால், ஏறாத மிச்ச மரையையும் சக்கின் பின்பக்க விளிம்பு மூடிக்கொண்டிருந்தது.

அக்கா கவுண்டிங் கிளாஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். தன் உள்ளங்கையை அதன் வழியே பார்த்தார்.

“அப்ப நாந்தான் தப்பா எண்ணிப்போட்டனாட்ட இருக்குது. காலுதான் போச்சுன்னு பாத்தா கண்ணும் போயிருச்சுங்க தம்பி. திங்கக்கெழம கம்பெனில சொல்லி நின்னுக்கறேன். பொத்தானும் வேண்டாம். தப்பு எண்ணுற கண்ண வெச்சுக்கிட்டு என்னத்தக் கடையறது?”*

* அடிக்குறிப்பு. இதற்குமேல் மறைக்க முடியவில்லை. அக்கா பத்து என்றார், நானும் பத்து என்றுதான் எழுதினேன். அப்புறம் சக் விற்கிறவர்களின் விலைப்பட்டியல் ஒன்றைப் புரட்டினேன். அதில் ஓர் அங்குலத்துக்கு எட்டு மரை என்றே இருந்தது, பத்து எங்கும் இல்லை. எழுதியது கண்ணை உறுத்தினால் திருத்திவிடுவது என் புத்தி. பத்தை அடித்து எட்டு என்று எழுதி, அதையே போனில் சொன்னேன். புதன்கிழமை எல்லோரும் அக்காவைப் பார்த்தபோது நானும் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

5

கதையில் பழியை யார்மேல் போடலாம் என்று மூன்று வரைவு எழுதினேன்.

கடைக்காரர்மேல் போட்டேன். அவர் கதை படிக்கிறவராக இருந்துவிட்டால்? கிழித்தேன். கிட்டுசாமி அண்ணன்மேல் போட்டேன். ஸ்பேனருக்காக அவருக்குக் கொஞ்சம் வேண்டியதுதான். ஆனால் அன்று மாலையே எனக்குப் பணியாரம் கொடுத்தனுப்பினார். கிழித்தேன். மூன்றாவது வரைவில், அக்காவுக்கு உண்மையிலேயே பார்வை மங்கி, கண்ணாடி போட்டு, எல்லோரும் மகிழ்ச்சியாக… (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

6

அடுத்து நடந்ததை நம்ப மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீதியில் கரண்ட் கம்பத்தில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீதியிலிருந்த மோட்டார்கள் பின்பக்கமாகச் சுற்றின. அது தெரியாமல், சக் சிக்கினாலும் சுற்றவாவது செய்கிறதா பார்ப்போம் என்று கிட்டுசாமி அண்ணன் சுவிட்சைப் போட்டார். தண்டு தலைகீழாக ஒரு வெட்டு வெட்டியது. சக் மரை கழன்று, கீழே விழுந்து, உருண்டுபோய் அவருடைய மொபெட்டை முட்டி நின்றது. நான் இதைப் புனையவில்லை. புனைந்திருந்தால் அவர் காலில் போட்டிருப்பேன்.

அக்கா சுவிட்சை அணைத்தார். நசுங்கிய முதல் மரையை அரத்தால் நீவினார். தண்டின்மேல் கிளாஸை வைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை எண்ணினார்.

“பத்துங்க,” என்றார். குரல் உடைந்துவிட்டது. “பத்தேதானுங்க. என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குது.”

எனக்கும் கண்ணில் நீர் வந்தது. ஓர் எழுத்தாளன் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். நானும் மாடிக்கு ஓடினேன்.

7

பின்னாலேயே படியில் காலடி கேட்டது. பதினெட்டுப் படி. ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறி வந்தார் அக்கா.

“உள்ள பத்து, வெளிய எட்டு. அப்படி ஒரு அடாப்டர் சொல்லோணுமுங்க தம்பி. நாளைக்கு மொத பஸ்ல போட்டுடச் சொல்லுங்க, மத்தியானத்துக்குள்ள ரெண்டு டஜன் கடைஞ்சிருவேன். அன்னைக்கு எழுதுன சீட்டு எங்க?”

மேசைமேல் இந்தக் கதையின் முதல் தாள் கிடந்தது. நான் எடுப்பதற்குள் அவர் எடுத்துத் திருப்பிவிட்டார். ஓரத்துக் கிறுக்கலைப் பார்த்தார். கழுத்திலிருந்து கவுண்டிங் கிளாஸை எடுத்து அதன்மேல் வைத்துக் குனிந்தார்.

“அடிச்ச எடத்துக்கு அடியில பத்துன்னு இருக்குதுங்களே. இத யாரு தம்பி அடிச்சது?”

நான் சொன்னேன்: “(                                        )”

நான்கு பதில் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். நான் அடித்து எழுதினால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்துவிட்டீர்களே. அடைப்புக்குறிக்குள் நீங்களே எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அறையில் இருக்கும் ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா நின்றுகொண்டிருக்கிறார்.