உடைய மறுத்த அப்பம்

ஆசீர்வாதம் என்ற சொல்லை அந்த நாட்களில் யாராவது என் காதுபடச் சொன்னால் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் பேக்கரி மாஸ்டர். மாவு பிசையும் மிஷினில் சிக்கி அவருடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கை போன மாஸ்டரிடம் வந்து, இதற்குள்ளும் ஓர் ஆசீர்வாதம் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல எங்கள் சபையாருக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், நானே தேடி எடுத்துக்கொண்டிருப்பேன்.

சபையில் யார் எதற்கு வாயைத் திறந்தாலும் முதல் ஆளாக ஆமென் போடும் ஓர் அக்கா உண்டு. பெயரே ஆமென் அக்காதான். உயிர் தப்பியதே பெரிது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று தினமும் வந்து நின்றார். நான் டீ போட்டுக் கொடுத்தேனே தவிர ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கடவுளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன்.

இவரோ யாரோடும் பேசவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி எனக்குக்கூட ஒரு தடவை காட்டவில்லை. எங்கள் பேக்கரிக் கடை பூட்டியே கிடந்தது. கை போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மனுஷன் இப்படியே உட்கார்ந்துவிடுவாரோ?

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. புளிப்பில்லாத ஒரே அப்பத்தை எல்லார் கண்முன்னாலும் பாஸ்டர் பிட்டுத் தருவார். அந்த அப்பத்தை எப்போதும் இவர்தான் சுட்டுத் தருவார். சனிக்கிழமை ஆமென் அக்கா வந்து, இந்தத் தடவை வெளியில் வாங்கிக்கொள்ளலாமா என்று பாஸ்டர் கேட்டதாகச் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் என்ன தாழ்த்தினாலும் அது ஆமென் போட்டுப் பழகிய குரல். உள்ளே இவர் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒண்ணும் வாங்க வேண்டாம். எங்க கடை அப்பம்தான் வரும்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

கடையைத் திறந்தேன். அந்த மிஷின் பக்கம் திரும்பாமல் கையாலேயே பிசைந்தேன். மிஷினை நினைத்து ஒரு குத்து, ஸ்தோத்திரம் கேட்டவர்களை நினைத்து ஒரு குத்து, மேலே இருப்பவரை நினைத்துப் பல குத்து. இந்த மாவை அதிகம் பிசைந்தால் இறுகிவிடும் என்று இவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆத்திரத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் வந்தது! ஓவனிலும் கூடுதலாகவே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில், நீங்கள் வராவிட்டால் நானும் வரவில்லை, அப்பமும் வராது என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆராதனைக்கு மணியாகிக்கொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தார், துண்டும் கையுமாக.

பாஸ்டர் ஜெபித்து, அப்பத்தை உயர்த்திப் பிட்கப் போனார். வரவில்லை. புன்னகையோடு மறுபடி முயன்றார். வரவில்லை. திருப்பிப் பிடித்து முக்கிப் பார்த்தார். கடைசியில் மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். டொக் என்று கட்டைபோலச் சத்தம் வந்தது. அந்த அமைதியில் ஆமென் அக்கா பழக்கதோஷத்தில் ஆமென் என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பக்கத்திலிருந்த இவர் எழுந்தார். நேராக மேஜைக்குப் போனார். துண்டை உருவி மேஜைமேல் போட்டார். தையல் போட்ட அந்த மொட்டைக் கையை அன்றுதான் நானே பார்த்தேன். அதை அப்பத்தின்மேல் வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்திக்கொண்டு, இடது கையால் விளிம்பைப் பிடித்து வளைத்தார். அப்பம் படாரென்று உடைந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆமென் அக்காவே வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் தட்டைப் பிடிக்க, கடைசித் துண்டுவரை இவரே உடைத்துக் கொடுத்தார். என் முறை வந்தது.

"கல்லு மாதிரி பண்ணி வச்சிருக்க. இவ்வளவு நேரமா பிசைவாங்க?" என்றார் மெதுவாக.

"கோவத்துல பிசைஞ்சேன்."

"யார் மேல?"

முகவாயால் மேலே காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

"எனக்கும்தான்" என்றார்.

வாயில் போட்ட துண்டு லேசில் கரையவில்லை. அதை மென்றுகொண்டே, அத்தனை நாளைக்குப் பிறகு கடவுளிடம் வாய் திறந்தேன். கை போனதுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேன் ஆண்டவரே, என்னைக்கும் சொல்ல மாட்டேன். இந்த மனுஷன் எழுந்து வந்தாரே, அதுக்கு வேணும்னா சொல்றேன்.

கையில் சுற்றி வந்த துண்டை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டார். ஞாபகப்படுத்த ஆமென் அக்கா வாயெடுத்தார். நான் முறைத்த முறைப்பில் சும்மா இருந்துவிட்டார்.