ஹெர்னியா இல்லை

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம், சபைப் பெண்கள் ஜெபம் பண்ண வந்த அன்றுதான் தனக்கு ஹெர்னியா என்று ரத்தினபாய்க்குத் தெரிந்தது.

"பெல்ட் போட்டுகினீங்களா டீச்சர்?" என்று பேபி கேட்டாள். பீர்க்கன்கரணையில் புருஷனோடு இட்லிக் கடை நடத்துகிறவள். "எங்க பக்கத்து வூட்டுக்காரருக்கும் இதே ஹெர்னியாதான். பெல்ட் போடாம வுட்டாரு, திரும்பவும் பிதுங்கிக்கிச்சு."

"எனக்கா? ஹெர்னியாவா?" என்று ரத்தினபாய் ஆரம்பிப்பதற்குள், வாசற்படி ஓரமாக நின்றிருந்த அவள் கணவர் லாசரஸ், "எல்லாருக்கும் காபி போடட்டுமா?" என்று தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டுவிட்டு சமையலறைக்குள் மறைந்துவிட்டார். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆகும்வரை அந்த அறையில் அவருக்குப் பழக்கமே கிடையாது.

வந்தவர்கள் போன பிறகு அவள் அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, யார் சொன்னது ஹெர்னியான்னு?"

"பாஸ்டர் கேட்டாரு. ஆராதனையில உனக்காக ஜெபிக்கணும், என்ன ஆபரேஷன்னு."

"அதுக்கு?"

"அதை எப்படிம்மா நான் ஒரு பாஸ்டர்கிட்ட சொல்றது? மைக்ல வேற சொல்லுவாரு."

"கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொன்னா முடிஞ்சுது. ஊர்ல இல்லாத ஒண்ணா?"

லாசரஸ் ஜன்னலைப் பார்த்தார். "மெதுவா பேசு. பக்கத்து வீட்ல கேக்கும்."

அவளுக்கு இருந்தது அடியிறக்கம். கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் இருந்த இடத்தை விட்டுக் கீழே இறங்கி வந்திருந்தன. ஜேசனைப் பெற்ற பிறகே லேசாக ஆரம்பித்தது. அப்புறம் தெருக்குழாயில் பிடித்த குடங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்க நிற்கிற வேலை. சாயங்காலம் ஆனால் கால்களுக்கு நடுவில் ஏதோ உருண்டையாக வந்து உட்காரும். தும்மினால் புடவை நனையும். பழைய துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினாள். மூத்திரம் போகவே முடியாமல் ஜுரம் வந்து படுத்த பிறகுதான் மருமகள் ஜெரூஷா விடாப்பிடியாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தொய்ந்துபோன தசையை எல்லாம் இழுத்துத் தைத்தார்கள்.

முதல் இரண்டு வாரம் ஜெரூஷா லீவு போட்டுவிட்டு இரும்புலியூரில் அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள். லீவு தீர்ந்ததும் கேளம்பாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். போகும்போது மாமனாரை உட்கார வைத்துச் சொன்னாள்: கனமானது எதையும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, முக்கக் கூடாது. லாசரஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆனால் ஹெர்னியா என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார் போலிருந்தது.

"என் தம்பிக்கு ஹெர்னியா பண்ணி ரெண்டே வாரத்துல புல்லட் ஓட்டினான்" என்றார் ஒரு நாள் காலையில்.

ரத்தினபாய் கையில் இருந்த பப்பாளித் துண்டைத் தட்டில் வைத்தாள். "எனக்கு நடந்தது என்னன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. ஆபரேஷன் ஆபரேஷன்தானே."

அவர் உதவி செய்யாமல் இல்லை. கஞ்சி வைத்தார், துணி காயப்போட்டார். ஆனால் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு வந்து எதிரில் நிற்பார். பாராட்டினால்தான் நகர்வார். உப்பு எங்கே, துவரம்பருப்பு எங்கே, இந்தச் சின்னக் கரண்டி எதுக்கு என்று அவளைப் படுக்கையில் இருந்து எழுப்பிக் கேட்பதற்கு, பேசாமல் அவளே எழுந்து சமைத்துவிடலாம். மலச்சிக்கல் வராமல் இருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப்பை, வந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டிய சாவியோடு கடைக்குப் போய்விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குக் கிளம்பினார். "தண்ணி கேன் போட்டுட்டுப் போயிருக்கான். கீழேயேதான் இருக்கு. வேணும்னா அப்படியே சாய்ச்சு ஊத்திக்கோ, தூக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பெருங்களத்தூரில் இருந்து அவருடைய உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கினார்கள். வெயிலில் வந்தவர்கள், தண்ணீர் கேட்டார்கள். குடத்தில் ஒரு சொட்டு இல்லை. "நீங்களே எடுத்துக்கோங்க" என்று சொல்ல ரத்தினபாய்க்கு வாய் வரவில்லை. சமையலறைக்குப் போனாள். கேனின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்தாள். ஈரத் தரையில் கேன் வழுக்கியது. விழப்போகிறதே என்று, யோசிக்காமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துவிட்டாள்.

அடிவயிற்றில் சுரீரென்று இழுத்தது. கேனை விட்டாள். தண்ணீர் சமையலறை முழுக்க ஓடியது. அவளால் நிமிர முடியவில்லை.

"இதுக்குத்தான் ஹெர்னியாக்காரங்க எழுந்து நடமாடிக்கிட்டே இருக்கணும்கிறது. படுத்தே கிடந்தா உடம்பு இறுகிடும்" என்றாள் வந்தவர்களில் மூத்தவள், அவளைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோனபடி.

பாத்ரூமில் பார்த்தபோது ரத்தம் பட்டிருந்தது. எல்லாம் பிரிந்துவிட்டது என்றே ரத்தினபாய் நினைத்தாள். அத்தனை வலியும் வீணாகப் போய், மறுபடி முதலில் இருந்து. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

லாசரஸ் அலறியடித்துக்கொண்டு வந்தார். டாக்ஸி பிடித்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. நகர்ந்தபோதோ ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் பல்லைக் கடித்தாள். "டிரைவர், பாத்து, பாத்து" என்று லாசரஸ் சொல்லிக்கொண்டே வந்தார். "நீங்க கொஞ்சம் சும்மா வாங்க" என்றாள் அவள்.

டாக்டர் மிருதுளா பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "தையல் பிரியல. மேலாக் கொஞ்சம் கசிஞ்சிருக்கு, அவ்வளவுதான். உங்க நல்ல நேரம். ஏம்மா கேனைப் போய்ப் பிடிச்சீங்க?" பிறகு லாசரஸைப் பார்த்தார். "வீட்ல யாரும் இல்லையா?"

"ஒரு மீட்டிங் டாக்டர். ஹெர்னியாவுக்கு இவ்வளவு நாள் ஆகும்னு..."

"யாருக்கு ஹெர்னியா?"

லாசரஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் மாடலைத் திருப்பி வைத்து, எது எங்கே இருந்தது, எது எங்கே இறங்கியது, எங்கே தைத்திருக்கிறது என்று பேனா முனையால் காட்டினார். லாசரஸ் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபேன்ல என்ன இருக்கு?" என்றாள் ரத்தினபாய். "இங்க பாருங்க. உங்க பிள்ளையும் இந்த வழியாத்தான் வந்தான்."

அவர் பார்த்தார். காது சிவந்துவிட்டது. கடைசியில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: "இது எத்தனை வருஷமா இவளுக்கு இப்படி இருந்துச்சு?"

டாக்டர் ரத்தினபாயைப் பார்த்தார். ரத்தினபாய் சொன்னாள். திரும்பும் வழியெல்லாம் லாசரஸ் முன் சீட்டில் இருந்து, பள்ளம் வரும்போதெல்லாம் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் சபைப் பெண்கள் மறுபடி வந்தார்கள். பேபிதான் ஜெபத்தை ஆரம்பித்தாள். "ஆண்டவரே, எங்க டீச்சரோட ஹெர்னியாவை..."

"ஹெர்னியா இல்ல பேபி" என்றாள் ரத்தினபாய்.

பேபி கண்ணைத் திறந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

"அடியிறக்கம். கர்ப்பப்பை கீழ இறங்கி வெளியவே வந்துடுச்சு. எடுத்துட்டுத் தைச்சிருக்காங்க. ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்னு சொல்றேன். இனிமே பெல்ட்டு, புல்லட்டுன்னு யாரும் பேசாதீங்க. எனக்குக் கேக்கச் சக்தி இல்ல."

ஒரு அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். இன்னொருத்தி, "ஆம்பளை இருக்கிற வீட்ல இதெல்லாமா..." என்று முணுமுணுத்தாள். லாசரஸ் தட்டில் காபி டம்ளர்களோடு வந்து நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். பேபி மிச்ச ஜெபத்தை வேக வேகமாகச் சொல்லி ஆமென் போட்டாள்.

சொல்லிவிட்டோம், இனி நிம்மதியாகப் படுக்கலாம் என்று ரத்தினபாய் நினைத்தாள். மறுநாளில் இருந்து போன் அடிக்கத் தொடங்கியது. தன் நாத்தனாருக்காகக் கேட்டாள் ஒருத்தி. மேல் வீட்டு அம்மாவுக்காக ஒருத்தி. யாரோ ரயிலில் பார்த்த பெண்ணுக்காகக்கூட ஒருத்தி கேட்டாள். வலிக்குமா, டாக்டர் பொம்பளையா, புருஷன்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா. கண் அசருகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள். யாருக்குமே தனக்கென்று ஒன்றும் இல்லை.

பேபியும் கூப்பிட்டாள். "டீச்சர், என் ஓரகத்தி ஒருத்தி கீறா..."

"உன் வீட்டுக்காரர் ஒத்தைப் பிள்ளைன்னு நீதானே சொன்ன? ஓரகத்தி எங்கேயிருந்து வந்தா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை. "எனக்குத்தான் டீச்சர். சின்னவன் பொறந்ததுல இருந்து. அண்டா தூக்கி வெச்சாலே வெளிய வந்துருது. துணியை வெச்சுக் கட்டிகினு நிக்கிறேன்."

"ரெண்டு தடவை வந்து என் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணியே, அப்ப சொல்றதுக்கு என்ன?"

"உங்களுக்கு ஹெர்னியான்னுல்ல சபையில சொன்னாங்க."

ரத்தினபாயால் திட்டவும் முடியவில்லை. "வர்ற திங்கக்கிழமை எனக்கு செக்கப். நீயும் வா."

"கடையை யாரு பாப்பா?"

"ஒரு நாள் மூடு. பீர்க்கன்கரணை பட்டினியா கிடக்காது."

பேபி வந்தாள். லாசரஸ் டாக்ஸியின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ரத்தினபாய்க்கு நன்றாக ஆறி வருகிறது என்றார் டாக்டர். பேபியின் முறை வந்தபோது அவள் டீச்சரின் கையை விடவில்லை; அதனால் ரத்தினபாயும் உள்ளே போனாள்.

பேபிக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். உள்ளே தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு சிலிகோன் வளையம் வைத்தார், தினமும் செய்ய வேண்டிய பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தார். எழுந்து நின்று பார்த்த பேபி, இரண்டு எட்டு நடந்தாள். திரும்பி நடந்தாள்.

"எறங்கல" என்றாள். "எறங்கலயே டீச்சர்!"

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷம் என்று லாசரஸ் நினைத்தார். அவளோ, "ஒரு வளையத்துக்கா இத்தினி வருசம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரத்தினபாய் பக்கத்தில் உட்கார்ந்தாள், குஷன் இல்லாத பெஞ்சைச் சபித்தபடி. லாசரஸ் யாரும் சொல்லாமலே போய் மூன்று டீ வாங்கி வந்தார். இந்த முறை பாராட்டுக்காக நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் போன் அடித்தது. பேபியின் புருஷன்.

"இன்னா டீச்சர், அண்டா தூக்க வேணாம்னு நீங்க சொன்னீங்களாமே? வளையம் வெச்சாச்சுல்ல, அப்புறம் இன்னா?"

"வளையம் வெச்சாலும் தூக்கக் கூடாது. நீங்க தூக்குங்க."

"எனக்கு முதுகு வலி டீச்சர்."

"அப்ப சின்ன அண்டாவா வாங்குங்க. ஏன்னு தெரியணும்னா வீட்டுக்கு வாங்க. எது எங்க இருக்குன்னு படம் வரைஞ்சு காட்டறேன்."

"அய்யோ, வேணாம் டீச்சர்" என்று அவன் வைத்துவிட்டான்.

ரத்தினபாய் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தாள். கண் அசரும்போது அது மறுபடியும் அடித்தது. லாசரஸ் வந்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். "டீச்சர் தூங்கறாங்கம்மா. ஆமா, அதேதான். டாக்டர் பேர் மிருதுளா, பொம்பளை டாக்டர்தான்" என்று அவர் சொல்வது கேட்டது.