தேதியை மாற்றிக்கொள்ளலாம்

தக்காளிக் கூடைகளை மண்டியில் இறக்கிவிட்டு வந்த மாதவராஜ், கைகூடக் கழுவாமல் வாசலில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தான். அவன் தோளுக்கு மேலே குருவின் முகம். அதற்கும் மேலே காவேரியின் முகம். போனில் ஒரு பெரிய நீலக் குழாய் வளைந்து வளைந்து இறங்கியது. அதன் வாயிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டே தண்ணீரில் வந்து விழுந்தார்கள்.

"இதுல நீ ஏறுவியாடா?" என்றான் மாதவராஜ் மகனிடம்.

"நான் ஏறுவேன். அக்காதான் மேல போயி அழுவும்."

"யாரு, நானா?" காவேரி தம்பியின் தலையில் தட்டினாள். "மோட்டார் கொட்டாய் மேலருந்து கெணத்துல குதிக்கிறவ நானு. படில எறங்கவே அப்பா கையப் புடிக்கிற ஆளு நீயி."

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் பெங்களூர்ப் பக்கம் இருக்கும் அந்தத் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாக மாதவராஜ் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பரீட்சை முடிந்துவிட்டது. தக்காளிக்கும் அந்த வருஷம் நல்ல விலை. முன்கூட்டியே டிக்கெட் வாங்கினால் சலுகை உண்டு என்று யாரோ சொல்ல, அன்று மாலையே வாங்கிவிடுவது என்று உட்கார்ந்திருந்தான். அதே தெருவில் வேன் வைத்திருக்கும் கருப்பண்ணனும் சாவியைச் சுழற்றியபடி பக்கத்தில் நின்றிருந்தார்.

"மே மாசம் ரெண்டாவது சனிக்கெழமதான் வண்டி காலியா இருக்குது மாதவா. அதுக்கு அடுத்த வாரம் எனக்குக் கல்யாண வாடக," என்றார் அவர்.

அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த அமுதவல்லியின் கை நின்றது. அவள் மனதுக்குள் நாள் கணக்குப் பார்த்தாள். காவேரிக்கு அந்த வாரம்தான் வரும். ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான். அவள் துடுப்பை வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"ஏங்க, அதுக்கு இன்னொரு வாரம் கழிச்சிப் போட்டா ஆவாதா?"

"ஏன், அன்னிக்கு என்ன?"

அமுதவல்லி கணவனைப் பார்த்தாள். கருப்பண்ணனைப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் மகனைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் கேட்டேன்."

"சும்மாவுக்கு எதுக்குத் தேதிய மாத்தறது?" மாதவராஜ் பொத்தானை அழுத்தினான். டிக்கெட் வந்துவிட்ட சத்தம் கேட்டது. குரு குதித்தான். அமுதவல்லி அடுப்படிக்குத் திரும்பினாள். களி அடிப்பிடித்திருந்தது.

காவேரி வயதுக்கு வந்தபோது இதே வாசலில் பந்தல் போட்டார்கள். மைக் செட் வைத்தார்கள். அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்து பொம்மிடி ரோட்டிலேயே கட்டினார்கள். ஊருக்கே அழைப்பு போயிற்று. அப்படி மைக்கில் சொன்ன ஒன்றை, அதன் பிறகு மாதாமாதம் வரும்போது வீட்டு ஆண்களிடம் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அந்த நாட்களில் காவேரி மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சிற்றறைக்குப் போய்விடுவாள். தட்டும் டம்ளரும் தனி. அப்பா கேட்கமாட்டார். தம்பி கேட்டால் அம்மா அதட்டுவாள். இதில் ஏதும் தவறு இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

பக்கத்து வீட்டில் இருந்த மாதவராஜின் அக்கா காசியம்மாளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தார்கள். மறுநாள் அமுதவல்லி அவளிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

"என்னது, தூரமான பொண்ண வண்டில ஏத்தறதா?" காசியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "எல்லையில முனியப்பன்கிட்ட வண்டிய நிறுத்திக் காய் ஒடைக்காம எந்த வண்டி நம்மூர்லருந்து பெங்களூர் போவுது? அது வெளையாட்டுச் சாமியா?"

கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த காவேரியின் காதில் இது விழுந்தது. "அப்ப நான் வரலயா அத்த?"

"வராம எங்க போற? அதான் மாத்திர இருக்குதே. பண்டிக வந்தா எத்தினி பேரு போடறாளுங்க. நானே போட்டிருக்கறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சி, கல்லு மாதிரி நிக்கறன் பாரு." பிறகு அமுதவல்லியிடம், "எதுக்கும் ஒரு வாரம் முன்னாலயே ஆரம்பிச்சிரு," என்றாள்.

பொம்மிடி மருந்துக் கடையில் ஆண்கள் போகும்வரை அமுதவல்லி தள்ளி நின்றாள். பிறகு கிட்டே போய், "நாள் தள்ளிப் போறதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"கோயிலுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க."

அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. எத்தனை வயது என்றும் கேட்கவில்லை. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அவர் மேலும் கேட்காததே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டு அமுதவல்லி பஸ் ஏறினாள்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் காவேரிக்குத் தலைவலி வந்தது. கோடை வெயில் என்று நினைத்தாள். மறுநாள் வலி கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். குரு பார்த்துவிட்டான்.

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"சொன்னீன்னா கொன்னுருவேன். என்ன வுட்டுட்டுப் போயிருவாங்கடா."

"சரி. ஆனா மொதல்ல அந்த நீலக் கொழாய்ல நான்தான் ஏறுவேன்."

"ஏறிக்கோ, போ."

மகள் சாப்பாட்டைத் தள்ளிவைப்பதை அமுதவல்லி கவனிக்காமல் இல்லை. நெற்றியில் சுக்கு உரசிப் பற்றுப் போட்டாள். டாக்டரிடம் போகலாமா என்று ஒருமுறை நினைத்தாள். போனால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். எதற்கு ஆஸ்பத்திரி என்று வீட்டுக்காரர் கேட்பார். டிக்கெட் வேறு வாங்கியாயிற்று. சனிக்கிழமை கழியட்டும் என்று இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிகாலையில் வேன் வந்தது. தண்ணீரில் போட்டுக்கொள்வதற்கென்று தருமபுரியில் வாங்கிய புது உடையை மடித்துப் பையில் வைத்திருந்தாள் காவேரி. வண்டிக்குள் பாட்டு அலறியது. அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தி வைத்துக்கொண்டு, யாராவது பார்த்தால் மட்டும் சிரித்தாள்.

எல்லை முனியப்பன் முன்னால் வண்டி நின்றது. கருப்பண்ணன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். காசியம்மாள் தேங்காய் உடைத்தாள். பூசாரி தட்டை நீட்டினார். திருநீறு எடுக்கப் போன காவேரியின் வலது கை மேலே வரவில்லை. அவள் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிட வாயெடுத்தாள். வந்த சத்தம் அம்மா என்பதாக இல்லை. அப்படியே சரிந்து விழுந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன.

"சாமி குத்தம்!" என்று காசியம்மாள் அலறினாள். "அடிப்பாவி, வந்துட்டத மறச்சிக்கிட்டு வந்தாளா?"

பூசாரி திருநீறு போட்டார். வேப்பிலை அடித்தார். எல்லோரும் சாமியைப் பார்த்தபடி கைகூப்பி நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கருப்பண்ணன்தான், "மாதவா, புள்ளயத் தூக்கு," என்று கத்தினார். பெங்களூர் போகவேண்டிய வேன் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா?" என்று கேட்டார் அங்கிருந்த பெண் டாக்டர்.

அமுதவல்லி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, உங்களத்தான் கேக்கறேன். சீக்கிரம் சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

ஸ்கேன் எடுத்தபின் அவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "மூளையில இருக்குற ரத்தக் குழாயில ரத்தம் உறைஞ்சிருக்கு. இந்த மாத்திரை போடுற எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா யாருக்கு ஆகக்கூடும்னு கேட்டுப் பாத்துதான் நாங்க எழுதிக் குடுப்போம். தலைவலி, வாந்தி வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

வராந்தாவுக்கு வந்ததும் மாதவராஜ் சுவரில் சாய்ந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அமுதா? வேற தேதி போட்டிருப்பேனே."

"கருப்பண்ணன் அண்ணன் நின்னுட்டிருந்தாருங்க," என்றாள் அவள்.

அவர் போன பிறகு, அந்த இரவில், அதற்கடுத்த நாட்களில் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தான். ஆனால் அவள் சொல்லும்படி அவன் ஒருநாளாவது அவளிடம் இதையெல்லாம் கேட்டிருக்கிறானா?

மகளைச் சேர்த்த அறைக்குள் அவனை விடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்தவன் கண்ணில் டிக்கெட்டின் கீழிருந்த எண் பட்டது. வரவில்லை என்று சொல்லவாவது செய்யலாம் என்று கூப்பிட்டான். ஓர் இளம்பெண் பேசினாள்.

"நேத்து வரைக்கும் கேட்டிருந்தா தேதிய மாத்திக் குடுத்திருப்போமே சார். ஒரு தடவ மாத்திக்கலாம்."

"அதுக்குக் காரணம் சொல்லணுமாம்மா?"

"இல்ல சார். காரணமெல்லாம் நாங்க கேக்கமாட்டோம்."

அந்தப் பெண் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காவேரி உயிரோடு வீட்டுக்கு வந்தாள். வலது கால் கொஞ்சம் இழுத்தது. வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. வார்த்தைகள் வரவில்லை. தண்ணீர் என்று சொல்ல நினைத்தால் வாயில் தட்டு என்று வந்தது. தப்பு என்று அவளுக்கே தெரிந்து கண் கலங்கும். பயிற்சி செய்யச் செய்யத் திரும்பும், ஆனால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள் டாக்டர்கள். பத்தாம் வகுப்பில் அவள் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அதைக் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கிணற்றுப் பக்கம் மற்ற பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்டால் குரு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

ஊருக்கு, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லிவைத்திருந்தாள் காசியம்மாள். அதையும் யாரும் மறுக்கவில்லை.

அடுத்த முறை அந்த நாள் வந்தபோது காவேரிக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை. இடது கையால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொட்டகை அறைக்குத்தான் போகப் பார்த்தாள். அமுதவல்லி அவளைத் தடுத்து, நடுக்கூடத்துக் கட்டிலில் தன் போர்வையை விரித்துப் படுக்கவைத்தாள். வாசலுக்கு வந்த காசியம்மாள் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். காவேரியின் தொங்கிய கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆடி மாதம் தெருக்காரர்கள் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போக வேன் பேசினார்கள். கருப்பண்ணன் குழாயடிக்கு எதிரே நின்று ஒரு தேதியைச் சொல்லி, தோதுப்படுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடத்தை நிமிர்த்துவது போலக் குனிந்த அதே தெரு மாதம்மாள், அமுதவல்லியின் காதில் கேட்டாள்:

"எம் பொண்ணுக்கு அன்னிக்கு வர நாளுக்கா. பொம்மிடில எந்தக் கடையில அந்த மாத்திர குடுக்கறாங்க, தெரியுமா?"

அமுதவல்லி குடத்தைக் கீழே வைத்தாள். இம்முறை குரலை இறக்கவில்லை.

"கருப்பண்ணன் அண்ணா, மாதம்மா பொண்ணுக்கு அன்னிக்கு மாசவிலக்கு வர நாளு."

ஓர் ஆள் பீடியைக் கீழே போட்டான். மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்குக் காய்ச்சல் வரல. முனியப்பன் அடிக்கல. இந்த வார்த்தைய உங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டு, கடையில மாத்திர வாங்கி நான்தான் குடுத்தேன். டாக்டரக் கேக்கல. அவுங்க அப்பாகிட்டச் சொல்லல. வாந்தி எடுத்தத அவ சொல்லல. எல்லாரும் வாயி இருந்தும் மூடிக்கிட்டோம். இன்னிக்கு அவ பேசணும்னு தவிக்கறா, பேச்சு வரல." அவள் மூச்சு வாங்கினாள். "இது தீட்டு இல்லீங்க. ஒடம்பு. தேதிதான மாத்தக்கூடியது? புள்ளைங்க ஒடம்ப மாத்தாதீங்க."

மாதவராஜ் ஆண்கள் பக்கமிருந்து வந்து மனைவியின் அருகில் நின்றான். கருப்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாதம்மாளின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"உம் பொண்ணுக்கு எந்தத் தேதி தோதுப்படும்னு கேட்டுச் சொல்லும்மா. வண்டி அன்னிக்கே போவட்டும்."